‘அ’வை விட்டு நகராத அகராதி

புனே நகரின் எரவாடா பகுதியில் உள்ள டெக்கான் கல்லூரியில் ஓர் அறை முழுக்க இரும்பு இழுப்பறைகள். அவற்றுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி காகிதச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சமஸ்கிருதச் சொல், அது வரும் நூல், வரும் இடம்.

1948ல் மொழியியல் அறிஞர் எஸ்.எம். காத்ரே தொடங்கிவைத்த வேலை இது. ரிக் வேதம் தொடங்கிப் பிற்கால நூல்கள் வரை சுமார் 1,500 நூல்களைப் படிப்பது. ஒரு சொல் முதன்முதலில் எங்கே, என்ன பொருளில் வந்தது, பிறகு எப்படி மாறியது என்று மேற்கோள்களோடு காட்டுவது. நூல்களைப் படித்துச் சீட்டு எழுதவே 25 ஆண்டுகள் பிடித்தன. 1976ல் முதல் தொகுதி அச்சேறத் தொடங்கியது. 2024 வரை 35 தொகுதிகள், 6,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். அத்தனையும் ‘அ’வில் தொடங்கும் சொற்கள்தான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சமஸ்கிருதத்தில் ‘அ’ சாதாரண எழுத்தல்ல. ‘இல்லை’ என்று சொல்ல முன்னால் ‘அ’ சேர்த்தால் போதும்: நியாயம், அநியாயம், தர்மம், அதர்மம். எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லும் எதிர்மறையானால் ‘அ’வுக்குக் குடிவந்துவிடுகிறது. போதாததற்கு அதி, அனு, அப, அபி, அவ என்று முன்னொட்டுகளின் பட்டாளம். மலையின் செங்குத்தான பக்கமே முதலில் வந்துவிட்டது.

வேலையும் லேசானதல்ல. ‘அக்ஷ’ என்றால் வண்டியின் அச்சு, சூதாட்டக் காய், கண்ணும் அதுவே. சொல்லுக்கான சீட்டுகளைப் பரப்பிவைத்து, எது எந்தப் பொருள் என்று பிரித்து, கால வரிசையில் அடுக்கி, மூல நூலைத் திரும்பப் புரட்டிச் சரிபார்க்க வேண்டும். வேதமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும், தர்க்கமும் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை ஒரே நாளில் தயாரிக்க முடியாது. சீட்டு எழுதிய தலைமுறை போய்விட்டது.

நின்ற தேரை நகர்த்த இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. சீட்டுகளை ஸ்கேன் செய்து, ‘கோஷஸ்ரீ’ என்ற மென்பொருளில் ஏற்றும் ஏற்பாடு நடந்திருக்கிறது. இழுப்பறைக்கும் மேஜைக்கும் நடக்கும் நடை இதனால் மிச்சம். சீட்டைத் தேடுவது, அடுக்குவது, அச்சுக்கு வடிவமைப்பது எல்லாம் சுருங்கும். சுருங்காதது ஒன்றுதான்: இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது. அதற்கு மனிதர்தான் வேண்டும். சம்பளமும் பதவியும் கொடுத்து அவர்களைத் தக்கவைக்கவும் வேண்டும். மென்பொருளுக்குக் கைதட்டுபவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

முட்டுச்சந்தில் நின்ற அகராதி இது மட்டுமல்ல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைப் 10 ஆண்டில் முடிப்பதாக 1879ல் ஒப்பந்தம் போட்டார்கள். 5 ஆண்டு கழித்து அது ‘ஆன்ட்’ என்ற சொல்லைத்தான் தொட்டிருந்தது. முடிந்தது 1928ல். பின்னாளில் அதைத் திருத்தியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ‘ஏ’யில் தொடங்காமல் ‘எம்’மில் தொடங்கி, 2000லிருந்து இணையத்தில் வெளியிட்டார்கள்.

புனேயிலும் அகர வரிசை என்பது அச்சுத் தொகுதியின் கட்டாயம் மட்டுமே. எல்லா எழுத்துகளுக்கும் சீட்டுகள் இழுப்பறையில் தயாராக இருக்கின்றன. ஒரு குழு ‘அ’வைக் கவனிக்கும்போதே இன்னொரு குழு ‘க’வைத் தொட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. அதைவிட அவசரமானது, ஸ்கேன் ஆன சீட்டுகளை அப்படியே எல்லோருக்கும் திறந்துவிடுவது. ‘ஹ’வில் தொடங்கும் ஒரு சொல்லைத் தேடும் வாரணாசி ஆய்வாளர், அந்தத் தொகுதி வரும்வரை காத்திருந்தால் பேரன் காலத்தில்தான் பதில் கிடைக்கும். எப்போதோ ஒருவர் கையால் எழுதிவைத்த அந்தச் சீட்டு கிடைத்தாலே அவருக்குப் பாதி வேலை முடிந்தது.