‘அகம்’ இசைக்குழு: கீர்த்தனையும் ராக் இசையும் இணையும் முறை

ஆய்வுச் சுருக்கம்

பெங்களூருவில் இயங்கிவரும் ‘அகம்’ இசைக்குழு, கருநாடக இசைக் கீர்த்தனைகளைப் புரோகிரசிவ் ராக் அமைப்பிற்குள் பாடிவருகிறது. இரு இசைமரபுகள் ஒன்றாக ஒலிக்கும்போது ஒவ்வொன்றும் எதைக் காத்துக்கொள்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை அக்குழுவின் இசைப்பயணத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அகம், கீர்த்தனை, புரோகிரசிவ் ராக், சங்கதி, இராகம், இசைக்கலப்பு.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்துள்ள ஊர் கச்சிராயபாளையம். இத்தகைய ஊர்களுக்குக் கீர்த்தனைகள் பெரும்பாலும் திருமண வீட்டு நாகசுரத்தின் வழியே வந்து சேர்ந்தன. அங்கே மெட்டு கேட்கும், சொல் கேட்காது. இக்கட்டுரையாளர் தியாகராசரின் ‘பண்டுரீதி கோலு’ கீர்த்தனையைச் சொல்லோடு முதன்முதலில் கேட்டது இசைச் சபை எதிலும் அன்று. இவ்வூரில், ஒரு கைப்பேசியில், மின்கிதார் ஒலியோடுதான். அவ்வாறு கேட்டது கீர்த்தனையா, கீர்த்தனையின் சாயலா என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

குழுவின் தோற்றமும் வளர்ச்சியும்

‘அகம்’ 2003-இல் தொடங்கப்பட்டது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் குரலிசையும் வயலினும், சுவாமி சீதாராமன் விசைப்பலகையும், டி. பிரவீண்குமார் முதன்மைக் கிதாரும் ஏற்றவர்கள். 2007-இல் சன் தொலைக்காட்சியில் ஏ. ஆர். ரகுமான் பங்கேற்ற ‘ஊ லலலா’ இசைக்குழுப் போட்டியில் வென்றதன் வழியாக இக்குழு தமிழ்நாட்டில் பரவலாக அறிமுகமாயிற்று. முதல் இசைத்தொகுப்பான ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ 2012-இலும், இரண்டாம் தொகுப்பான ‘எ டிரீம் டு ரிமெம்பர்’ 2017-இலும் வெளிவந்தன. குழுவினர் பலர் பிற துறைகளில் முழுநேரப் பணியாற்றியபடியே இசையையும் தொடர்ந்தவர்கள். இசையையே வாழ்வூதியமாகக் கொள்ளாமை, திரைப்படத் தேவைக்கு ஏற்பப் பாடலைச் சுருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அவர்களை விலக்கி வைத்தது எனக் கருதலாம்.

முன்னோடி முயற்சிகள்

‘புரோகிரசிவ்’ என்னும் சொல் இங்கு அரசியல் பொருளில் ஆளப்படவில்லை. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான இவ்வகை, மூன்று நிமிடப் பாடல் என்னும் வரையறையைக் கடந்து, பல பகுதிகளாக விரிந்து செல்லும் நீண்ட அமைப்பையும் மாறுபட்ட தாளக் கணக்குகளையும் கொண்டது. கிங் கிரிம்சன் குழுவின் 1969-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு இதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

இந்திய இசையோடு மேலை இசை இணைந்த முயற்சிகளுள் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோரின் ‘சக்தி’ குழு முதன்மையானது. அதன் முதல் தொகுப்பு 1976-இல் வெளிவந்தது. ஆனால், அக்குழு அப்போது மின்னொலியைத் தவிர்த்தது. கொச்சியைச் சேர்ந்த ‘மதர்ஜேன்’ குழு, 2008-இல் வெளியிட்ட ‘மக்தூப்’ தொகுப்பில் மின்கிதாரின் நரம்பிலேயே கமகத்தைக் கொணர முயன்றது. ‘அகம்’ வேறு வழியைத் தேர்ந்தது. கமகத்தைக் குரலிடமும் வயலினிடமும் விட்டு, கீர்த்தனையின் உருவத்தையே பாடலின் முதுகெலும்பாக வைத்தது.

இரு மரபுகளும் ஒன்றுபடும் இடங்கள்

கீர்த்தனை பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரிவது. அதன் ஓரடியே சங்கதிகளாகப் படிப்படியாக வளரும். ராக் இசையில் ஒரு சிறு சுரத்தொடர் மீளமீள ஒலித்து, அதன்மேல் பிற கருவிகள் அடுக்கப்படும். மீளல் இரண்டிற்கும் பொது. எனவே, பல்லவி அடி மாறிமாறி வளரும்போது கிதாரின் தொடர் மாறாமல் நிற்பது கேட்போர்க்கு அயன்மையாகத் தோன்றுவதில்லை. தாளத்திலும் இவ்வுறவு உண்டு. ஐந்தும் ஏழும் மேலைப் பாடல்களில் அரிய கணக்குகள். கருநாடக இசையிலோ கண்டம், மிச்ரம் என்னும் பெயர்களில் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுபவை.

முரண்படும் இடம்

சிக்கல் சுரக்கூட்டில் எழுகிறது. மேலை இசையில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று சுரங்கள் பாடலின் உணர்வைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் நடுச்சுரம் சட்சத்திற்கு மேலே அமையும் காந்தாரம். இராகத்தில் இல்லாத காந்தாரம் ஒலித்தால் இராகம் குலையும்.

‘பண்டுரீதி கோலு’வை முதல் தொகுப்பில் ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ என்னும் பெயரில் இக்குழு பாடியுள்ளது. அதன் இராகமான ஹம்ஸநாதம் இன்றைய வழக்கில் சட்சம், சதுச்ருதி ரிஷபம், பிரதி மத்திமம், பஞ்சமம், காகலி நிஷாதம் என்னும் ஐந்து சுரங்களைக் கொண்டது. இதில் காந்தாரமே இல்லை. ஆயின், ராக் கிதாரின் இயல்பான ‘பவர் கார்டு’ என்பது நடுச்சுரத்தை நீக்கி, அடிச்சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டுமே ஒலிப்பது. சட்சத்தின்மீது அமைந்தால் அது சட்ச-பஞ்சமம். தம்புராவின் ஒலியும் பெரும்பாலும் அதுவே. ராக் இசையின் உரத்த ஒலி, கருநாடக இசையின் மென்மையான சுருதியோடு பொருந்துவது இங்குத்தான்.

எனினும் இப்பொருத்தத்திற்கு எல்லை உண்டு. ஹம்ஸநாதத்தில் சட்சம், பஞ்சமம், நிஷாதம் ஆகியவற்றின்மேல் இவ்விணை இராகத்திற்குள் அடங்கும். ரிஷபத்தின்மேல் அமைத்தால் தைவதமும், மத்திமத்தின்மேல் அமைத்தால் சுத்த ரிஷபமும் அயற்சுரங்களாக நுழையும். மாறாக, ‘மனவியாலகிஞ்சரா’ கீர்த்தனையின் நளினகாந்தியில் அந்தர காந்தாரம் உண்டு. ஆகவே, சட்சத்தின்மேல் முழுச் சுரக்கூட்டும் இயலும். இக்கீர்த்தனை ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ என்னும் பெயரில் இரண்டாம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இசைக்கலப்பின் அளவைக் குழுவின் விருப்பம் மட்டுமன்றி, இராகத்தின் சுர அமைப்பும் வரையறுக்கிறது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

இழப்பும் மொழி வினாவும்

கீர்த்தனையும் சிலவற்றை இழக்கிறது. பல கருவிகள் ஒத்திசைய வேண்டுமாயின் ஒவ்வொரு பகுதியின் நீளமும் முன்னரே முடிவாக வேண்டும். அதனால் நிரவலும் கற்பனைச் சுரமும் சுருங்குகின்றன. சபைக் கச்சேரியில் பாடகர் அக்கணத்தில் எடுக்கும் முடிவுகள் பதிவில் கருவிகளின் ஒழுங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

மற்றொன்று மொழி. குழுவின் பெயர் தமிழ்ச்சொல். மேலே கண்ட இரு கீர்த்தனைகளும் தெலுங்கு. முதல் தொகுப்பில் உள்ள தனஸ்ரீ தில்லானா சுவாதித் திருநாள் இயற்றியது, அதுவும் தமிழன்று. மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் கோரிக்கையோடு 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. கருவிகள் மாறியபோதும் அவ்வினா புதிய மேடைக்கும் உரியதாகவே இருக்கிறது. முத்துத்தாண்டவரின் பாடல்களும் திருப்பண்களும் இவ்வமைப்பிற்குள் எவ்வாறு நிற்கும் என்பது இனிவரும் குழுக்கள் ஆய்ந்து பார்க்கத்தக்கது.

முடிவுரை

இசைக்கலப்பின் வெற்றியைக் கருவிகளின் எண்ணிக்கையால் அளக்க இயலாது. ஹம்ஸநாதத்தின் பொருட்டுக் கிதார் தன் காந்தாரத்தை விட வேண்டும். கிதாரின் பொருட்டுக் கீர்த்தனை தன் நிரவலைக் குறைத்துக்கொள்கிறது. இவ்விரு விட்டுக்கொடுத்தல்களுக்கும் இடையே இராகம் நிலைத்து நிற்குமாயின் அதனைச் சாயல் என ஒதுக்குதல் பொருந்தாது. கச்சிராயபாளையத்தில் கைப்பேசியில் ஒலித்தது முழுமையான கச்சேரி அன்று. ஆனால் அது கீர்த்தனையே. நாகசுரத்தில் மெட்டாக மட்டும் கேட்டிருந்த ஒன்றின் சொல்லை அறியவும், பின்னர் அதன் முழு வடிவைத் தேடிச் செல்லவும் அது வழிவகுத்தது. சபைகள் இல்லாத ஊர்களில் கருநாடக இசையின் கேட்போர் எவ்வாறு உருவாகின்றனர் என்பதை ஆராய்வோர் இத்தகைய குழுக்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.