பயனற்றதெனக் கருதப்பட்ட ஒரு பகா எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய முழு எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7 ஆகியவை இவ்வகையின. சிறிய எண்களில் இத்தன்மையைக் கண்டறிதல் எளிது. ஆனால் 2,14,74,83,647 என்னும் பத்து இலக்க எண் பகா எண்ணா என வினவினால், விடை கூறுதல் அத்துணை எளிதன்று. 2-ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, வரும் பலனினின்று 1-ஐக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இதனை 2³¹ − 1 என எழுதுவர்.

இவ்வாறு அமையும் எண்களுள் பகா எண்கள் எவையென 1644-இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 2³¹ − 1 இடம்பெற்றிருந்தது. எனினும் அப்பட்டியலில் பிழைகள் உள எனப் பிற்காலத்தில் தெரியவந்தது. ஆகவே, ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே நிறுவல் தேவைப்பட்டது.

இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே விஞ்சும். எனவே 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் போதும். அவையே ஏறத்தாழ 4,800 ஆகும். இவ்வுழைப்பைக் குறைக்கும் வழியைக் கண்டவர் ஆய்லர். 2¹¹ − 1, அதாவது 2,047, என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். இவ்விரண்டையும் 11-இன் இருமடங்காகிய 22-ஆல் வகுத்தால் மீதி 1. 8-ஆல் வகுத்தால் மீதி 7 அல்லது 1. இவ்விதிகளின்படி, 2³¹ − 1 என்னும் எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருப்பின், அதனை 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி வருதல் வேண்டும். ஆகவே சோதிக்க வேண்டியவை 372 எண்களுக்கு மேற்படா. அவற்றுள் எதுவும் வகுக்கவில்லை. பார்வையைப் பெரிதும் இழந்திருந்த நிலையிலும், இவ்வெண் பகா எண்ணே என 1772-இல் ஆய்லர் அறிவித்தார்.

இதனினும் பெரிய பகா எண்ணை எவரும் தேடப்போவதில்லை, இத்தகைய எண்களால் பயனில்லை என ஆங்கிலேயக் கணித அறிஞர் பார்லோ 1814-இல் எழுதினார். 1876-இல் லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவுவதற்கு முன்னரே அக்கூற்றின் முற்பகுதி பொய்த்திருந்தது. பிற்பகுதி பொய்க்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1-இல் தொடங்கி 3-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் கொண்டு அதையே மீண்டும் பெருக்கிச் சென்றால் 1, 3, 2, 6, 4, 5 என ஆறு எண்களும் ஒவ்வொரு முறை தோன்றி, மறுபடி 1 வரும். 7-க்கு மாறாக 8-ஐக் கொண்டால் 1, 3, 1, 3 என்றே சுழலும். எதனால் பெருக்கினும் ஏழு எண்களும் தோன்றா. வகுஎண் பகா எண்ணாகவும், பெருக்கும் எண் தக்கதாகவும் இருந்தாலன்றி முழுச் சுற்று அமையாது.

1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகிய மூவர் 2³¹ − 1-ஐ வகுஎண்ணாகவும் 16,807-ஐப் பெருக்கும் எண்ணாகவும் கொண்டு, கணிப்பொறியில் சமவாய்ப்பு எண்களைத் தோற்றுவிக்கும் முறையை வெளியிட்டனர். அதில் 2,14,74,83,646 எண்களும் தோன்றிய பின்னரே தொடர் முதலுக்குத் திரும்பும். பின்னர் இதனினும் சிறந்த முறைகள் தோன்றின. எனினும் மாதிரி ஆய்வுக்கெனச் சிற்றூர்களையும் வயல்களையும் விருப்புவெறுப்பின்றித் தெரிவு செய்யும் பணிக்கு இத்தகைய எண்களே அடிப்படை.

13-ஐ வகுஎண்ணாகவும் 2-ஐப் பெருக்கும் எண்ணாகவும் கொண்டு, பன்னிரண்டு எண்களும் தவறாது தோன்றுவதை மாணவர் கரும்பலகையிலேயே கண்டறியலாம்.