கேட்டில் நிற்பவரின் டிரங்குப் பெட்டி

ஒரகடம் சிப்காட்டில் கம்பெனி கேட்டுகளில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே விடும் செக்யூரிட்டிகளில் ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ யாரென்று சொல்லத் தேவையில்லை. நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். பதினைந்து, பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு நாற்பது வயதையொட்டி பென்ஷனோடு வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை எழுத்தில் படை எண்ணும் பெயரும். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை, மெடிக்கல் போர்டு தாள்கள்.

அந்தத் தாள்களைக் காசு வாங்காமல் படித்துப் பார்த்து, எங்கே பிழை, யாரிடம் போவது என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’. கார்கில் வெற்றி நாளான 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீநகரில் இதைத் தொடங்கியது. ஆணைக்குழுவின் அப்போதைய செயல் தலைவர் நீதிபதி சூர்ய காந்த் தொடங்கிவைத்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் அமைத்து, வழக்கறிஞரையும் சட்டத் தன்னார்வலரையும் உட்கார வைப்பதுதான் திட்டம். தன்னார்வலராக முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வரலாம் என்பது நல்ல யோசனை. ‘லோ மெடிக்கல் கேட்டகரி’ (உடல் தகுதி குறைந்தவர் என்ற வகைப்பாடு) என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞரை நியமித்து வழக்கே நடத்தித் தருவதற்கான தகுதியை 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றோருக்கு வருமானக் கணக்கே கிடையாது. ஆகவே படைவீரரின் விதவை, அவர் பெண் என்பதாலேயே தகுதி பெறுகிறார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மத்திய சட்ட அமைச்சகத்தின் ‘நியாய பந்து’ திட்டத்தில் கட்டணமின்றி வாதாட முன்வந்து பதிவுசெய்த வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

அதிகம் சிக்குவது ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில். சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் தரம்வீர் சிங், ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பிறகு 1994இல் வலிப்பு நோயால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய் உடல்வாகு சார்ந்தது, பணியால் வந்ததல்ல என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேரும்போது மருத்துவப் பதிவில் எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்றது. இந்த ஒரு தீர்ப்பு தெரிந்திருந்தால், ‘நாட் அட்ரிபியூட்டபிள்’ என்று முத்திரை விழுந்த தாளைப் பெட்டிக்குள் போட்டு மூட யாருக்கும் மனம் வராது.

மூடி வைப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 1983இல் உடல்நலக் குறைவால் வெளியேறிய தர்சேம் சிங் பதினாறு ஆண்டு கழித்துத்தான் நீதிமன்றம் போனார். 2008இல் உச்ச நீதிமன்றம் அவர் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் நிலுவைத் தொகையை, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. மீதி ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். இலவச உதவி காலத்தோடு வந்து சேர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்ப் பெயர்களும் வழக்காகின்றன. கணவர் பணியில் இருந்தபோது எழுத்தர் ஒரு மாதிரி எழுதிய மனைவியின் பெயர், ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். இனிஷியல் விரிந்து பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். கணவர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியம் அந்த ஓர் எழுத்தில் நிற்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டனில் உள்ள ஆவணப் பிரிவுக்கு உறுதிமொழிப் பத்திரத்தோடு எழுத வேண்டும். இது பெரிய வாதமெல்லாம் இல்லை. சரியாக எழுதிய இரண்டு பக்கம் போதும். துக்க வீட்டில் அந்த இரண்டு பக்கத்தை எழுத ஆள் இருப்பதில்லை.

பணியில் இருப்பவர்களின் கவலை நிலம். சிப்காட் வந்து விலை ஏறிய ஊர்களில், எல்லையில் இருக்கும் மகனின் பங்கில் வேலிக்கல் நகர்ந்துவிட்டால் அவர் என்ன செய்வார்? விடுப்புச் சான்றோடு மனுக் கொடுத்தால் கூடியவரை அந்த விடுப்புக்குள்ளேயே வழக்கை முடிக்க 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவு வழிசெய்கிறது. போர்ச்சூழலில் பணியாற்றுபவருக்கு எதிரான வழக்கை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நூறு வருடமாக இருக்கிறது.

ராணுவம், கடற்படை, விமானப்படையினரின் பணி, ஓய்வூதிய வழக்குகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகும். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்வது முறை. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களுக்கு உயர் நீதிமன்றம்தான் வழி. ஒரே கேட்டில் சேர்ந்து நிற்கும் இருவருக்கு இரண்டு வாசல் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பகுதியின் தனிச்சிக்கல் நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுவதற்குள் காஞ்சிபுரத்தில் படைவீரர் நல அலுவலகம் பூட்டிவிடும். ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம் போகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் மாறும் நேரத்தில், ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடம் சந்திப்பிலோ முகாம் போட்டால் பெட்டிகள் திறக்கும்.

அதுவரை சட்ட உதவிக்கு 15100 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். உதவி மையத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களுக்கும், பி.பி.ஓ.வுக்கும், மெடிக்கல் போர்டு தாளுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வையுங்கள். யாரிடமும் விட்டுவராதீர்கள்.