மேட்ச் முடிஞ்சு கன்னியாகுமரிக்கு வர்றீங்களா? போட்டோ எடுக்கும் முன் இதைப் பேசிடுங்க!

திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க வருபவர்கள், சுமார் 100 கி.மீ. தூரத்தில் உள்ள கன்னியாகுமரியையும் பார்த்துவிட்டுப் போகலாம். மைதானத்துக்குள் பெரிய கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆனால் 133 அடி திருவள்ளுவர் சிலை பின்னணியில், ஜெர்சியோடு படம் எடுத்து உடனே பிரிண்ட் தர உள்ளூர் போட்டோகிராபர்கள் இங்கே உண்டு.

சிக்கல் எங்கே?

'ஒரே ஒரு படம்' என்று தொடங்கி, இருபது படத்துக்குக் காசு கேட்கும்போதுதான்.

என்ன பேச வேண்டும்?

* எத்தனை படம், பிரிண்ட் ஒன்றுக்கு எவ்வளவு?
* பிடிக்காத படத்துக்கும் காசு உண்டா?
* செல்போனுக்குப் படம் அனுப்புவாரா?

சூரிய உதயம் சில நிமிடங்கள்தான். அப்போது பேரம் பேச நேரமிருக்காது; முந்தின நாள் மாலையே பேசிவிடுங்கள். பிரிண்ட் போட்ட பிறகு 'வேண்டாம்' என்றால், பேப்பர் செலவு அவர் தலையில்தான் விழும்.