சிம் பெட்டி: குடியானவர்கள் அறியவேண்டிய சில விஷயங்கள்

ஒரே வாய்க்காலில் வரும் நீரைப் பல மடைகள் பிரித்து வயல்களுக்கு விடுவது போல, இணையத்தின் வழியே வரும் பேச்சுக்களைப் பிரித்துக் கைப்பேசிகளுக்கு அனுப்பும் யந்திரம் ஒன்று உண்டு. அதற்குச் சிம் பெட்டி என்று பெயர்.

இணையத் தொலைபேசியில் பேசுவோர் குரல் பொதுவாக வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அவ்வெண்கள் சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, வினாடிக்கு ஏறக்குறைய 50 பொதிகள் வீதம் செல்கின்றன. பெட்டியானது அவற்றைத் திரும்பவும் குரலாக்கி, அச்சமயம் வேலையின்றியிருக்கும் சிம் அட்டையொன்றின் மூலம் அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்பும். ஓர் அட்டை ஒரு சமயத்தில் ஓர் அழைப்பையே தாங்கும். 32 அட்டைகள் இருப்பின் 32 அழைப்புகள் நடைபெறலாம்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அழைப்பைப் பெறுவோர் காண்பது அழைத்தவருடைய எண்ணன்று, அட்டையின் எண்ணேயாம். ஆதலின் அயல்நாட்டு அழைப்பும் உள்ளூர் அழைப்பாகவே தோன்றும். மோசக்காரர்கள் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். விசாரணையோ முதலில் அட்டைக்கு உரியவர் வீட்டு வாயிலுக்கே வரும்.

இந்தியாவில் அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு, 2023-ம் வருஷத்துச் சட்டப்படி 3 வருஷம் வரை சிறைவாசமோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகையால், மாத வாடகை தருவதாகச் சொல்லி மோட்டார் கொட்டகையிலோ வீட்டிலோ இத்தகைய பெட்டியை வைக்கக் கேட்போருக்கு இடங்கொடுத்தலாகாது. சிம் அட்டையைப் பிறருக்கு இரவல் தருவதும் கூடாது. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைச் சஞ்சார் சாத்தி என்னும் அரசாங்க இணையதளத்தில் பார்த்தறியலாம். கிராம அதிகாரிகள் சந்தேகத்துக்குரிய பெட்டிகளைக் கண்டால், தாமதமின்றிப் போலீஸாருக்குத் தெரிவித்தல் நலம்.