காந்தமும் இரும்பும்

காந்தத்தின் முன் இரும்பு அசைதல் நம்மவர்க்குப் பழகிய உவமை. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில், இறைவன் முன்னிலையில் உயிர்கள் தொழிற்படுதற்கு இதனையே எடுத்தாண்டார். தத்துவ நூலார்க்கு அவ்வளவிற் காரியம் முடிந்தது. பௌதிகவியலாருக்கோ அவ்வுவமையே வினாவாயிற்று. இரும்பு ஏன் அசைகின்றது?

1820இல் தென்மார்க்கு நாட்டவரான ஏசுட்டெட்டு, மின்னோட்டஞ் செல்லும் கம்பியின் அருகே திசையறிகருவியின் ஊசி திரும்புதலைக் கண்டார். மின்னோட்டமாவது மின்னேற்றங்களின் இயக்கமே. ஆதலின், இயங்கும் ஏற்றம் காந்தமண்டலத்தைத் தோற்றுவிக்கும், மாறாத காந்தமண்டலமும் இயங்கும் ஏற்றத்தையே தாக்கும், அசையாதிருப்பதைத் தீண்டாது. தாக்கும் விதமும் விந்தையானது. விசையானது ஏற்றம் செல்லுந் திசைக்கும் மண்டலத்தின் திசைக்கும் செங்குத்தாக அமையும். முன்னே தள்ளுவதுமில்லை, பின்னே இழுப்பதுமில்லை. வழியைத் திருப்புவதொன்றே அதன் தொழில். கவணிற் சுழலுங் கல்லைக் கயிறு வளைப்பதுபோல, மண்டலத்துக்குக் குறுக்கே புகுந்த இலத்திரனை அது வட்டமிடச் செய்யும். இலத்திரனின் சத்தியோ கூடாது, குறையாது. மாணவர் பலர் இவ்விடத்திற் பிழைவிடுவர். சைக்கிளோத்திரன் என்னும் பொறியிலுங்கூடத் துணிக்கைக்கு விரைவூட்டுவது மின்மண்டலமேயன்றிக் காந்தமன்று.

இச்சிறு உண்மை பெரியதோர் இடர்ப்பாட்டை விளைத்தது. வெப்பச் சமநிலையில் ஒரு பொருளின் இயல்பு அதன் துணிக்கைகளின் சத்தியைப் பொறுத்தது என்பது பழைய பௌதிகவியலின் முடிபு. அச்சத்தியைக் காந்தமண்டலம் மாற்றாதெனின், பொருளையும் அது மாற்றலாகாது. எனவே எப்பொருளும் காந்தத்துக்கு இணங்கலாகாது! இதனை நீல்சு போர் 1911இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வுரையிலும், ஒல்லாந்து நாட்டு வன் லீயூவன் அம்மையார் 1919இல் தமது ஆய்வுரையிலும் நிறுவினர். ஐயுறுவார் இலத்திரன்கள் நிறைந்த ஒரு பெட்டியை எண்ணிப் பார்க்க. உள்ளே வட்டமிடுவன யாவும் ஒரே திசையிற் சுழலும் சிறு மின்னோட்டங்களாகி மண்டலத்தை எதிர்க்கும். ஓரத்திலுள்ளவையோ வட்டத்தை நிறைவாக்க இயலாது, சுவரில் மோதி மோதித் தத்திச் சென்று, பெட்டியை மறுதிசையிற் சுற்றிவரும். இவ்விரண்டும் சரிக்குச் சரியாய்க் கழிந்துபோம். கணிதத்தில் வழுவில்லை, ஆணியோ காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஆணி மட்டுமன்று. பரடே 1845இல் ஈயங்கலந்த கனத்த கண்ணாடித் துண்டொன்றை வலிய மின்காந்தத்தின் முனைகளிடையே தொங்கவிட, அது மண்டலத்துக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. பிசுமதும் நீரும் இவ்வாறே மெல்ல விலக்கப்படுவன. திரவ ஒட்சிசனோ முனைகளால் இழுக்கப்பட்டு அவற்றினிடையே தங்கி நிற்கும்.

பழைய விதிகள் கைவிட்டவிடத்துச் சொட்டுக் கொள்கை கைகொடுத்தது. அணுவினுள் இலத்திரன் தான் வேண்டிய சத்தியையெல்லாம் கொள்ளமாட்டாது. குறித்த சில நிலைகளே அதற்குண்டு. ஆதலின் மேற்கூறிய கழிவு அங்கே முற்றாக நிகழாது. அதுவுமன்றி, ஒவ்வோர் இலத்திரனும் இயல்பாகவே கறங்கல் என்னுந் தன்மையுடையதென 1925இல் உலென்பெக்கும் கூட்சிமித்தும் கூறினர். அதனால் அது தானே ஒரு நுண்காந்தமாகும். நீரில் இலத்திரன்கள் எதிரெதிராக இணைந்து தம் காந்தத்தைக் கழித்துவிடுதலின் மெல்லிய விலக்கல் ஒன்றே எஞ்சும். ஒட்சிசன் மூலக்கூற்றில் இரண்டு இலத்திரன்கள் இணையாது நிற்பதால் அது இழுக்கப்படுகின்றது.

இரும்பின் சிறப்பு, அணுதோறும் இணையாது நிற்கும் இலத்திரன்கள் அயலணுக்களில் உள்ளவற்றோடு ஒரே முகமாய் அணிவகுத்தலாகும். இந்நுண்காந்தங்கள் ஒன்றையொன்று பற்றி நிரைப்படுத்துகின்றன என எண்ணுதல் இயல்பு. ஆயினும் அது தவறு. அவற்றிடையேயுள்ள காந்தவிசை மிக நலிந்தது. தனிப்பூச்சியத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு பாகை வெப்பநிலையே அவ்வொழுங்கைக் குலைக்கப் போதும். இரும்போ சதம அளவை 770 பாகை வரை தாங்குகின்றது. தாங்குவிப்பது இலத்திரன்களிடையேயுள்ள மின் தள்ளுகையே. பௌலியின் தவிர்ப்பு விதியோடு கூடியபோது அது கறங்கல்களை ஒருமுகப்படுத்தவல்லது என 1928இல் ஐசன்பேக்கு காட்டினார். காந்தத்தின் உரம் மின்னினின்று வந்ததாயிற்று.

இவ்வெல்லையை ஆய்கூடத்திலேயே காணலாம். மெல்லிய இரும்புக் கம்பியொன்று காந்தத்தை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு தொங்கவிட்டுப் பன்சன் சுடராற் செந்நிறமாகும்வரை காய்ச்சினால், அது காந்தத்தைக் கைவிட்டு நேரே தொங்கும். சுடரை அகற்றியதும் சிறிது பொழுதில் மீண்டும் சாயும்.