"இவனுக்கு படிப்பு ஏறாதுங்க" என்று வீட்டில் வைக்கலாமா? மலைக்கிராம பெற்றோருக்கு சிறப்பு டீச்சர் என்ன செய்வார்

திருப்பத்தூர்:

"இவனுக்கு படிப்பு ஏறாதுங்க. ஆடு, மாடு பார்த்துக்கிட்டு கிடக்கட்டும்..."

பேச்சு சரியாக வராத, நடக்க சிரமப்படும், மற்ற பிள்ளைகள் போல எழுத முடியாத பிள்ளைகளைப் பற்றி பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. மலையானாலும் சரி, பட்டணமானாலும் சரி, பெத்தவங்க மனசு ஒண்ணுதான். வெளியே அனுப்பினால் பிள்ளையை நாலு பேர் கிண்டல் செய்வாங்களே என்ற பயம். ஆனால் அந்த பயத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டால், பிள்ளைக்கு கிடைக்க வேண்டிய ஒரு ஆள் கிடைக்காமலே போய்விடுவார். அவர்தான் சிறப்பு ஆசிரியர்.

ஜவ்வாதுமலையில் திருப்பத்தூர் மாவட்ட பக்கம் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என 3 ஊராட்சிகள் உள்ளன. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, புளி, கூலி வேலை இதுதான் பிழைப்பு. இங்கே ஒரு பிள்ளை பின்தங்கினால் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது? இதோ விவரம்.

யார் இந்த சிறப்பு டீச்சர்?

சாதாரண டீச்சர் ஒரு வகுப்புக்கே பாடம் நடத்துவார். சிறப்பு டீச்சர் ஒரு பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று பார்த்து அந்த ஒரு பிள்ளைக்காகவே பாடத்தை மாற்றுவார். இதற்கென தனியாக படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ல் வந்த சட்டப்படி இது கட்டாயம். அரசு பள்ளிகளுக்கு இவர்கள் வட்டார வள மையத்தில் இருந்து வருகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே போய் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு.

சட்டை போடுவதும் பாடம்தான்

சட்டை போடுவது நமக்கு ஒரே வேலை. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு அது பத்து வேலை. டீச்சர் என்ன செய்வார் தெரியுமா? ஒன்பது வேலையை தானே செய்துவிட்டு, கடைசி பட்டனை மட்டும் பிள்ளையை போட வைப்பார். "நானே போட்டேன்" என்ற சந்தோஷம் பிள்ளைக்கு வரும். அது பழகியதும் கடைசி இரண்டு பட்டன். பிறகு மூன்று. இப்படி பின்னால் இருந்து முன்னால் வருவார்கள். ஒரு சட்டைக்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்.

கணக்கும் அப்படித்தான். வீட்டில் கிடக்கும் புளியங்கொட்டையை வைத்தே எண்ண பழக்கலாம். வாய் பேச வராத பிள்ளைக்கு தண்ணீர், சோறு, வலி, கக்கூஸ் என்று படம் ஒட்டிய அட்டை கொடுத்தால், விரலால் தொட்டு காட்டிவிடும். தனக்கு வேண்டியதை சொல்ல முடிந்துவிட்டாலே பாதி அழுகையும் அடமும் குறைந்துவிடும்.

கார் ஷெட்டில் ஆரம்பித்த பள்ளி

இந்த வேலைக்கு பொறுமைதான் முதலீடு. சென்னையில் பூனம் நடராஜன் என்ற தாய், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகனுக்காக வழி தேடியவர். 1985-ல் ஒரு கார் ஷெட்டில் 3 பிள்ளைகளோடு பயிற்சி மையம் தொடங்கினார். அதுதான் இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் 'வித்யாசாகர்'. பிறகு அவர் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தலைவராகவும் இருந்தார். 40 வருஷ பயணம், 3 பிள்ளைகளில் ஆரம்பித்தது.

அரசு திட்டத்தில் வேலை செய்யும் சிறப்பு டீச்சர்கள் கதை வேறு. அனைவருக்கும் கல்வி இயக்க காலத்தில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பலர், வருஷக்கணக்கில் நிரந்தரம் ஆகாமலே உழைத்தார்கள். தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2025 மார்ச்சில், இந்த பணியிடங்களை உருவாக்கி அறிவிக்க மாநிலங்களுக்கு உத்தரவும் போட்டது. டீச்சர் அடிக்கடி மாறினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். புது முகத்தோடு பழகவே பல மாதம் போய்விடும்.

பேசாமல் இருக்கும் பிள்ளை

மலையில் பல பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். உடம்பில் குறை எதுவும் இருக்காது. ஆனால் திடீரென்று சாப்பிடாது, யாரிடமும் பேசாது, லீவு முடிந்தால் பள்ளிக்கு போக மறுக்கும். "திமிர்" என்று அடிக்காதீர்கள். அங்கேதான் மனநல ஆலோசகர் வேலை. அவர் புத்தி சொல்ல மாட்டார், முதலில் காது கொடுப்பார். பிள்ளை சொன்னதை ஊருக்கு சொல்ல மாட்டார். ஆனால் யாராவது தப்பாக நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

எப்போது உஷார் ஆகணும்?

* 4 மாதத்தில் தலை நிற்கவில்லை
* 6 மாதத்தில் சத்தம் கேட்டு திரும்பவில்லை
* ஒன்றரை வயதில் நடக்கவில்லை
* 2 வயதில் இரண்டு வார்த்தை சேர்த்து பேசவில்லை

இதில் ஒன்று இருந்தாலும் அங்கன்வாடி டீச்சரிடமோ, கிராம நர்சிடமோ சொல்லுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். சின்ன வயதில் ஆரம்பித்தால் பலன் அதிகம்.

கேட்டு வாங்க வேண்டியது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவச படிப்பு பிள்ளையின் உரிமை. பள்ளிக்கு கூட்டிப்போகும் செலவுக்கும் துணை ஆளுக்கும் உதவித்தொகை உண்டு. 10-ம் வகுப்பு பரீட்சையில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக 1 மணி நேரம் கேட்கலாம். மூளை வளர்ச்சி குறைந்தோர், கடுமையாக பாதிக்கப்பட்டோருக்கு தமிழக அரசின் பராமரிப்பு உதவி மாதம் ரூ.2 ஆயிரம்.

இதற்கெல்லாம் முதல் படி மருத்துவ சான்றும் தேசிய அடையாள அட்டையும்தான். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனதால் இதற்காக வேலூர் வரை அலைய வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் போதும்.

எஸ்டேட் வேலைக்கு குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? போகும் முன் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காக எந்த ஊர் பள்ளியும் பிள்ளையை திருப்பி அனுப்பக்கூடாது.

பள்ளிக் கல்வி பற்றி கேட்க 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. மனசு பாரமாக இருந்தால் 14416. மூன்றுக்கும் காசு கிடையாது.

சிக்னல் இல்லையா? நாளைக்கு காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு போங்கள். "எங்க பிள்ளைக்கு சிறப்பு டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேளுங்கள். கேட்கிற வீட்டுப் பிள்ளை பெயர்தான் லிஸ்டில் முதலில் ஏறும்.